சாட்டின் கவுனும் கிராஸ் கட்டும்: 1930-களின் ஹாலிவுட் உடையை வீட்டில் தைக்க முழுமையான வழிகாட்டி

ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர்களுக்குக் கிராஸ் கட் புதிதல்ல. மார்புப் பகுதி உடம்போடு படிந்து உட்கார வேண்டுமென்றால் துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டுகிறோம். கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைத்துத் திருப்புகிறோம். அதே சாய்வை மார்பிலிருந்து தரை வரைக்கும் கொண்டுபோனால் கிடைப்பதுதான் 1930-களின் ஹாலிவுட் கவுன். 1933-ல் வந்த 'டின்னர் அட் எய்ட்' படத்தில் நடிகை ஜீன் ஹார்லோ உடுத்தியிருக்கும் வெள்ளைச் சாட்டின் கவுனைப் பாருங்கள். எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் உடையமைப்பாளர் ஏட்ரியன் வடிவமைத்தது. இடுப்பில் பெல்ட் கிடையாது, விறைப்பான உள்பட்டை எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் அறைக்குள் நுழைந்தால் கண் வேறெங்கும் போகாது.

துணியைச் சாய்த்து வெட்டி முழு உடையையும் அமைக்கும் கலையை 1920-களில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பாரிஸின் உடை வடிவமைப்பாளர் மாதலென் வியோனே. ஹாலிவுட் அதை எடுத்துச் சாட்டினில் போட்டு விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியது. இந்த உடையின் கவர்ச்சி முழுவதும் வெட்டிலும் வெளிச்சத்திலும் இருக்கிறது; மேலே எதையாவது ஒட்டி அதைக் கொண்டுவர முடியாது என்பதுதான் என் கட்சி. அதனால் இந்த வழிகாட்டியில் கல், மணி, ஜமிக்கி எதற்கும் இடமில்லை. ஓர் ஆரி ஜாக்கெட்டுக்கு ஆகும் பொறுமையில் பாதி போதும், ஆனால் அந்தப் பொறுமை வேறு இடத்தில் தேவைப்படும்.

லைனிங் ஜாக்கெட்டைத் தனியாக வெட்டித் தைக்கத் தெரிந்தவர்கள் இதில் இறங்கலாம். இப்போதுதான் மிஷினில் உட்கார்ந்தவர்கள் முதலில் ஒரு கிராஸ் கட் பாவாடை தைத்துப் பழகிவிட்டு வாருங்கள்.

முதல் படி: ஒலியை நிறுத்திவிட்டுப் படம் பாருங்கள்

ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உடையை மட்டும் கவனியுங்கள். ஹார்லோ நடக்கும்போது இடுப்பிலிருந்து முழங்கால் நோக்கி ஒரு வெள்ளைக் கோடு சரிந்து இறங்கும். அடுத்த அடியில் அது மறைந்து இன்னொரு பக்கம் எழும். அது துணியில் இருக்கும் கோடு இல்லை, விளக்கின் வெளிச்சம். சாட்டின் நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள், குறுக்காக ஓடும் பல ஊடை நூல்களைத் தாண்டித் தாண்டி மேலே மிதந்து போகின்றன. அந்த மிதப்புத்தான் பளபளப்பு. நூல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதைப் பொறுத்து ஒளி திரும்பி வரும் கோணம் மாறும். துணியை நேராக வெட்டினால் பளபளப்பு ஒரே பாளமாகத் தெரியும். சாய்த்து வெட்டினால் உடம்பின் ஒவ்வொரு வளைவிலும் நூலின் கோணம் மாறிக்கொண்டே போவதால் ஒளி உடைந்து வரிவரியாக விழும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கைகொடுக்காது. அந்த வேலையை இந்த வரிகள் செய்தன.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. 1920-களின் கடைசியில் படங்கள் பேச ஆரம்பித்ததும், டாஃபெட்டா போன்ற சரசரக்கும் துணிகளும் ஒன்றோடொன்று உரசும் மணிகளும் மைக்கில் விழுந்து வசனத்தைக் கெடுத்தன. சத்தம் போடாத மெத்தென்ற துணிகளுக்கு மவுசு கூடியதில் மைக்குக்கும் பங்கு உண்டு.

படம் பார்க்கும்போதே இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: நாயகியின் முழு உருவம் எத்தனை முறை தெரிகிறது? பெரும்பாலும் இடுப்புக்கு மேலேதான். சாப்பாட்டு மேசை, ஹோட்டல் மேசை, நெருக்கமான ஷாட் என்றுதான் கதை ஓடும். அதனால் அந்தக் கால வடிவமைப்பாளர்கள் வேலைப்பாட்டைக் கழுத்துக்கும் தோளுக்கும் கொண்டுபோனார்கள். நடிகை ஜோன் கிராஃபோர்டின் அகலமான தோளை மறைக்காமல் இன்னும் பெரிதாக்கிக் காட்டியது ஏட்ரியனின் துணிச்சல். 1932-ல் அவர் கிராஃபோர்டுக்குத் தோளில் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்துத் தைத்த வெள்ளை உடையை அமெரிக்கக் கடைகள் போட்டி போட்டு நகலெடுத்தன. உங்கள் கவுனும் அதிகம் படமெடுக்கப்படப் போவது கல்யாண வரவேற்பு மேடையில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் என்றால், இதை இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: துணி

கடையில் சாட்டின் என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது மலிவான பாலியெஸ்டர் சாட்டின். மேடை அலங்காரத்துக்குத் திரை கட்ட அது நன்றாக இருக்கும். கவுனுக்கு வேண்டாம். விறைப்பாக நிற்கும், உடம்பில் விழாது.

உங்களுக்குத் தேவை ஒரு பக்கம் பளபளக்கும் சாட்டினும் மறுபக்கம் மங்கலான கிரேப்பும் உள்ள துணி. சாட்டின் பேக் கிரேப் என்று கேளுங்கள். பட்டில் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. விலை கைக்கு அடங்கவில்லையென்றால் விஸ்கோஸ் அல்லது மோடல் சாட்டினில் நன்றாக விழும் ரகம் பாருங்கள். சென்னையில் பாரிமுனை கோடவுன் தெருவிலும் சௌகார்பேட்டையிலும் சுற்றினால் கிடைக்கும். ஆனால் கட்டிலிருந்து பார்த்து வாங்காதீர்கள். ஒரு மீட்டரைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தொங்கவிடுங்கள். துணி மெல்லிய மடிப்புகளாகச் சரிந்து விழ வேண்டும். கூடாரம்போல விரிந்து நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, துணியை மூலைவாக்கில் இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். இழுபட்டு மறுபடி பழைய இடத்துக்கு வரும் துணிதான் நமக்கானது.

நிறத்தைப் பொறுத்தவரை, தூய வெள்ளையைத் தவிர்க்கச் சொல்வேன். பளீர் வெள்ளை காமிராவில் வெளிறிப்போய் மடிப்பெல்லாம் காணாமல் போகும். ஸ்டுடியோக்களிலும் திரையில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய உடைகளுக்கு வெளிர் ரோஜா, வெளிர் நீலம், சாம்பல் கலந்த வெள்ளை போன்றவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. சந்தன வெள்ளை, முத்து நிறம், வெளிர் பிஸ்தா, நல்ல அடர் பச்சை எல்லாம் சாட்டினில் அழகாக எடுபடும்.

44 பன்னாவில், அதாவது 44 இன்ச் அகலத் துணியில், 5 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவா என்று தோன்றும். கிராஸ் கட் துணியைத் தின்னும், அதில் பேரமே இல்லை. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1942-ல், அமெரிக்க அரசு எல்-85 என்ற உத்தரவு போட்டு ஓர் உடைக்கு இவ்வளவு துணிதான் என்று கட்டுப்படுத்தியபோது இந்த மாதிரி தாராளமான வெட்டுக்கெல்லாம் இடமில்லாமல் போனது. வாங்கியதும் சிறு துண்டு வெட்டி நனைத்துப் பாருங்கள். சுருங்குகிறதென்றால் முழுத் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரி எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: அளவும் வரைபடமும்

எடுத்துக்காட்டுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: மார்பு 34, மார்புக்குக் கீழே 30, இடுப்புச் சுற்று 38, ஹீல்ஸ் போட்ட நிலையில் தோளிலிருந்து தரை 57 இன்ச்.

மார்பிலிருந்து தரை வரை ஒரே துண்டாக வெட்டினால் 44 பன்னாவில் இடிக்கும். பட்டைகள் தோளுக்குப் போய்விடுவதால் மார்பின் மேல் ஓரத்திலிருந்து தரை வரை 48 இன்ச், தையலுக்கு விடும் மார்ஜினோடு 52. மேல்பக்க அகலம் 12. இந்தத் துண்டை 45 டிகிரியில் சாய்த்துப் போட்டால் பன்னாவில் 45 இன்ச்சைத் தாண்டுகிறது. கரை போக நம்மிடம் இருப்பது 43. ஆகவே மார்புக்குக் கீழே ஒரு ஜாயிண்ட் கொடுக்கிறோம். அங்கிருந்து தரை வரை 43, மார்ஜினோடு 46, மேல் அகலம் மார்ஜினோடு 10½. இப்போது பன்னாவில் 40 இன்ச்தான் வேண்டும். அடங்கிவிட்டது. அந்தக் காலக் கவுன்களில் மார்புக்குக் கீழே தலைகீழ் 'வி' வடிவில் ஓடும் அந்த அழகான தையல் இதுபோன்ற நெருக்கடிக்கும் விடை சொல்கிறது. மார்புக்குத் தேவையான சுருக்கத்தை அதற்குள்ளேயே அடக்கிவிடலாம், டக் பிடிக்க வேண்டாம்.

ஆக மொத்தம் ஆறு துண்டுகள்: மார்புக்கு இடது, வலது என இரண்டு, முன்பக்கப் பாவாடைக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு இரண்டு. பின்பக்கம் இடுப்புக்குச் சற்று மேலேயே ஆரம்பித்தால் போதும், முதுகு திறந்திருக்கும். முதுகு மூட வேண்டுமென்றால் மார்புத் துண்டைப் போலவே பின்னாலும் இரண்டு துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரையும்போது மூன்று விஷயங்கள். இடுப்புச் சுற்றில் நான்கில் ஒரு பங்கு 9½ இன்ச். அதற்கு மேல் தளர்வு விடாதீர்கள், துணி தானாக விட்டுக்கொடுக்கும். இடையில் ஜாக்கெட்டைப்போல ஆழமாகக் குடையாதீர்கள். மெல்லிய வளைவு போதும். கீழ் ஓரத்தில் ஒவ்வொரு துண்டும் 18 இன்ச் விரியட்டும், சுற்றளவு 72 வரும், நடக்கத் தாராளம். எல்லா ஓரத் தையலுக்கும் ஒன்றரை இன்ச் மார்ஜின் விடுங்கள். இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. காரணம் ஐந்தாம் படியில் தெரியும்.

வியோனே முழு அளவில் வரைவதற்கு முன் ஒரு சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றி வடிவத்தைக் கண்டுபிடிப்பார். வீட்டில் இருக்கும் குழந்தையின் பொம்மை ஒன்றில் பழைய சாட்டின் துண்டைச் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். மடிப்பு எங்கே விழுகிறது, எங்கே இழுக்கிறது என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

நான்காம் படி: ஒத்திகைத் துணியும் வெட்டும்

எந்தப் புது மாடலையும் முதலில் காடாவில் வெட்டிப் பார்ப்பது வழக்கம். கிராஸ் கவுனுக்குக் காடா உதவாது. அதன் இழுவையும் கனமும் சாட்டினோடு ஒத்துப்போகாது. அதே கனமுள்ள மலிவான கிரேப் லைனிங்கில் வெட்டி, நீள ஓட்டுத் தையல் போட்டு உடுத்திப் பாருங்கள்.

அந்தக் கால ஸ்டுடியோவில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் அளவுக்கும் பஞ்சு வைத்துத் திணித்த டம்மி, பெயர் எழுதி வரிசையாக நிற்கும். நாமும் ஒன்று செய்துகொள்ளலாம். பழைய பனியன் போட்டுக்கொண்டு, மேலே பிரவுன் டேப்பைச் சுற்றச் சொல்லி, முதுகில் கத்தரித்துக் கழற்றி, உள்ளே கிழிந்த துணிகளை அடைத்தால் டம்மி தயார். கத்தரிப்பவர் கை நடுங்காதவராக இருக்கட்டும்.

இனி வெட்டு. மேசைமேல் பருத்திப் போர்வை விரியுங்கள். வெறும் மேசையில் சாட்டின் வழுக்கிக்கொண்டே போகும். துணியை இரண்டாக மடிக்காதீர்கள். ஒற்றையாக விரித்து, கிரேப் பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். கரையிலிருந்து 45 டிகிரி கோட்டைப் பெரிய ஸ்கேல் வைத்து சாக்கால் போட்டு, பேப்பர் கட்டிங்கின் நடுக்கோடு அதன்மேல் அச்சாக உட்காரும்படி வையுங்கள். கண்மதிப்பில் வைக்க வேண்டாம். ஐந்து டிகிரி விலகினாலும் கவுன் உடுத்தியபின் ஒரு பக்கமாகத் திருகும்.

திருகலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கிராஸ் கவுன்கள் அங்கேதான் கெட்டுப்போகின்றன. பாவு நூல் முறுக்கேறியது, தறியில் விறைப்பாகக் கட்டப்பட்டது, அதிகம் நீளாது. ஊடை நூல் சற்றுத் தளர்ந்தது, கூடுதலாக நீளும். முன்பக்கத்தை ஒரே துண்டாகச் சாய்த்து வெட்டினால் ஒரு விலாப்பக்கம் பாவு தாங்கும், மறு விலாப்பக்கம் ஊடை தாங்கும். இரண்டும் ஒரே அளவு இறங்காது. உடை மெல்லச் சுழன்று, பக்கத் தையல் முழங்கால் முன்னே வந்து நிற்கும். அதற்குத்தான் நடுவில் ஒரு தையல். இடது துண்டை ஒரு சாய்விலும், வலது துண்டுக்குப் பேப்பரைத் திருப்பிப் போட்டு எதிர்ச் சாய்விலும் வெட்டுகிறோம். நடுத்தையலில் இரண்டு சாய்வும் அம்புமுனைபோலச் சந்திக்கும், ஒன்றின் இழுப்பை இன்னொன்று சமன் செய்துவிடும். பேப்பரின் மேல்முனை எல்லாத் துண்டுக்கும் துணியின் ஒரே பக்கத்தை நோக்கியே இருக்கட்டும். ஒன்று தலைகீழாகப் போனால் பளபளப்பு மாறி, இரண்டு வேறு நிறத் துணிபோலத் தெரியும்.

குண்டூசியை மார்ஜினில் மட்டும் குத்துங்கள். சாட்டினில் விழுந்த ஓட்டை மறையாது.

ஐந்தாம் படி: தொங்கவிடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். வெட்டிய பாவாடைத் துண்டுகள் ஒவ்வொன்றையும் மேல் ஓரத்தில் கிளிப் உள்ள பேன்ட் ஹேங்கரில் மாட்டி இரண்டு நாள் அப்படியே தொங்கவிடுங்கள். நான்கைந்து கிளிப் போட்டு எடையைப் பரப்புங்கள். இரண்டு கிளிப் மட்டும் போட்டால் நடுவில் தொய்வு விழும்.

நெசவில் சதுரம் சதுரமாக இருந்த கண்கள் சொந்த எடையால் சாய்சதுரமாக மாறும். துண்டு நீளும், அகலம் குறையும். எவ்வளவு என்பது துணிக்குத் துணி வேறுபடும். ஒன்றரை இன்ச் மார்ஜின் விடச் சொன்னது இதற்காகத்தான். இறக்கிய பிறகு துண்டை மேசையில் பரப்பி, கையால் இழுக்காமல், பேப்பரை மறுபடி மேலே வைத்துப் பாருங்கள். இடுப்பில் துணி உள்ளே போயிருக்கும், கீழே நீண்டிருக்கும். புதிதாகத் தையல் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதிகமாக இருக்கும் இடத்தை இப்போது கழிக்கலாம். கீழ் ஓரத்தை மட்டும் கடைசி வரை தொடாதீர்கள்.

மார்புத் துண்டுகளைத் தொங்கவிட வேண்டாம். அவை நீளக் கூடாதவை. மாறாக, வெட்டிய உடனே மேல் ஓரத்தில் தையல் கோட்டுக்கு உள்ளே கையால் ஒரு ஓட்டுத் தையல் போட்டு நூலை அளவாகப் பிடித்து நிறுத்திவிடுங்கள்.

ஆறாம் படி: தையல்

ஊசி புதிதாக இருக்கட்டும், 9 அல்லது 11-ஆம் நம்பர். நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் துணியோடு நீளாமல் அறுந்துவிடும். ஜிக்ஜாக் மிஷின் இருந்தால் அகலம் 0.5, நீளம் 2.5 வைத்துத் தையுங்கள். பார்க்க நேர்த்தையல்போலவே இருக்கும், ஆனால் இழுத்தால் விட்டுக்கொடுக்கும். காலால் மிதிக்கும் பழைய மிஷின்தான் என்றால் கவலை வேண்டாம். மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, பெரிய தையலாக வைத்து, பாதத்துக்கு முன்னும் பின்னும் துணியை மெல்லப் பிடித்து இழுத்தபடி ஓட்டுங்கள். ஏட்ரியன் காலத்துத் தையற்கூடங்களில் ஜிக்ஜாக் துணையில்லாமலேயே இந்தக் கவுன்கள் உருவாயின.

முதலில் கையால் நீள ஓட்டுத் தையல், பிறகே மிஷின். துணிக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் பட்டை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் பல் சக்கரம் துணியைக் கடிக்காது. எல்லாத் தையலும் மேலிருந்து கீழ் நோக்கியே போகட்டும். வரிசை: மார்புத் துண்டின் கீழ்ச்சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துவது, முன்பாவாடை நடுத்தையல், தலைகீழ் 'வி' ஜாயிண்ட், பின் நடுத்தையல், கடைசியாகப் பக்கத் தையல். 'வி'-யின் முனைதான் கண்ணில் படும் இடம். அந்த முனையை மட்டும் மிஷினை நம்பாமல் கையால் பின்தையல் போட்டு முடிப்பது எனக்குப் பிடித்த வழி.

ஓவர்லாக் வேண்டாம். சாய்த்து வெட்டிய ஓரம் அவ்வளவாகப் பிசிறாது. ஓவர்லாக் அடித்தால் நீள விடாமல் அந்த ஓரம் விறைத்து, வெளியே தழும்புபோலத் தெரியும். அயர்ன் பெட்டியைத் தேய்க்காதீர்கள். வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்துங்கள். மார்ஜினுக்கு அடியில் ஒரு பேப்பர் பட்டை வைத்துக்கொண்டால் அதன் தடம் வெளியே பதியாது.

மேல் ஓரத்துக்குள், சாய்க்காமல் நூலோட்டத்திலேயே வெட்டிய நேர் இழைப் பட்டை ஒன்று வைத்துத் தைப்பது அவசியம். ஆர்கன்சாத் துணியின் கரையைக் கால் இன்ச் அகலத்துக்கு வெட்டி வைத்தால் போதும். தோள் பட்டைக்கு ஒன்றேகால் இன்ச் கிராஸ் பீஸ் வெட்டி, தைத்து, நூல் விட்டுப் புரட்டி எடுங்கள். புரட்டிய பட்டைகளின் நுனியில் சின்ன எடை கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டால் பிறகு அவை நீண்டு தோளிலிருந்து நழுவாது.

இடது விலாவில் ஏழெட்டு இன்ச் திறப்பு வைத்து ஊக்கும் பிரஸ் பட்டனும் போடுவது அக்காலத்து வழக்கம். கவுன்களில் ஜிப் வெளிப்படையாக வரத் தொடங்கியது 1935 வாக்கில், பாரிஸில் வடிவமைப்பாளர் எல்ஸா ஸ்கியாபரெல்லியின் கையில். கிராஸ் கவுனில் ஜிப் வைத்தால் அந்த இடம் மட்டும் நீளாமல் அலைஅலையாக நெளியும். ஊக்கையே நம்புங்கள்.

ஏழாம் படி: ஃபிட்டிங், ஓரம்

உடுத்திப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றுவிட்டு முடிவு செய்யாதீர்கள். நடந்து, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். இடுப்பில் குறுக்காகச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். பக்கத் தையலை விட்டுக்கொடுங்கள். செங்குத்தாகத் தளர்ந்து தொங்கினால் பிடியுங்கள், ஆனால் ஒரு தடவைக்குக் கால் இன்ச்சுக்கு மேல் பிடிக்க வேண்டாம். தொப்புள் குழி தெரியும் அளவுக்கு ஒட்டினால்தான் கவர்ச்சி என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வெளிச்சம் சரிந்து இறங்குவதற்குத் துணிக்கும் உடம்புக்கும் நடுவே மூச்சுவிட இடம் வேண்டும்.

உள்ளாடை விஷயம் சங்கடமானது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. கிராஸ் சாட்டின் எதையும் மறைக்காது. லேஸ், எலாஸ்டிக் வரம்பு எல்லாம் வெளியே அச்சடித்ததுபோலத் தெரியும். தையலில்லாத, தோல் நிறத்து உள்ளாடை மட்டுமே சரிப்படும். சங்கடமென்றால் கவுனுக்குள் அதே கிராஸில் வெட்டிய மெல்லிய கிரேப் ஸ்லிப் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். நேர் இழையில் வெட்டிய லைனிங்கை மட்டும் உள்ளே கோக்காதீர்கள். வெளித்துணி நீளும், லைனிங் நீளாது, இரண்டும் சண்டை போடும்.

பட்டையே இல்லாத கவுன் வேண்டும் என்பவர்கள் வேறு பாதையில் போக வேண்டும். 1946-ல் 'கில்டா' படத்தில் ரீட்டா ஹேவொர்த் உடுத்திய கறுப்புச் சாட்டின் கவுன் கைகளை வீசி ஆடியும் நழுவாமல் நின்றதற்குக் காரணம், உடையமைப்பாளர் ழான் லூயி உள்ளே வைத்த கட்டுமானம். நாடாவும், விறைப்புக் குச்சிகளும், சூடு காட்டி வளைத்த பிளாஸ்டிக்கும் அதற்குள் இருந்தன. அது ஒரு சேணம். நாம் தைப்பது அதற்கு நேர் எதிரான உடை.

கீழ் ஓரத்துக்கு வருவோம். முழுக் கவுனையும் இன்னொரு ராத்திரி தொங்கவிட்டபின், போடப்போகும் செருப்போடு உடுத்தி நிற்க வேண்டும். இன்னொருவர் தரையில் ஸ்கேலை நிறுத்தி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்கால் குறித்துக்கொண்டு வரட்டும். நிற்பவர் திரும்பக் கூடாது, குனிந்து பார்க்கக் கூடாது. குறிப்பவர்தான் சுற்றி வர வேண்டும். வெட்டியதும் ஓரத்தைக் கையால் உருட்டி, மெல்லிய பட்டு நூலால் ஹெம்மிங் செய்யுங்கள். புடவைக்கு அடிப்பதுபோல பீக்கோ அடித்தால் சாய்ந்த ஓரம் முட்டைக்கோஸ் இலைபோலச் சுருண்டுகொள்ளும்.

எட்டாம் படி: வெளிச்சம்

உடை பாதிதான் முடிந்திருக்கிறது. ட்யூப்லைட் அடியில் நின்றால் இவ்வளவு பாடும் வீண். எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வரும் ஒளியில் சாட்டின் தட்டையாகத் தெரியும்.

1930-களின் ஸ்டுடியோ ஒளியமைப்பில் முக்கிய விளக்கு முகத்துக்கு நேர் முன்னே, உயரத்தில் இருக்கும். மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறிய நிழல் விழும். நடிகை மார்லீன் டீட்ரிக்கின் கன்ன எலும்புகளை உலகம் பார்த்தது இந்த வெளிச்சத்தில்தான். ஜார்ஜ் ஹரல் போன்ற புகைப்படக்காரர்கள் அதோடு பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் கூர்மையான விளக்கைச் சேர்த்து, தலைமுடிக்கும் சாட்டினுக்கும் விளிம்பு கொடுத்தார்கள். வீட்டில் ஒரு ஜன்னல் போதும். அறை விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டில், உடம்பைக் கொஞ்சம் திருப்பி, ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கச் சொல்லுங்கள். மொபைலில் துணியின் மிகப் பளிச்சென்ற இடத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இறக்குங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தோன்றும் நிலையில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்.

உட்கார்ந்தால் சாட்டின் கசங்கும். ஷாட்டுக்கு நடுவே நடிகைகள் உட்காராமல் ஓய்வெடுக்க, கைப்பிடி வைத்த சாய்வுப் பலகைகள் செட்டிலேயே இருந்தன. நீங்கள் வரவேற்பு மண்டபத்துக்குப் போய் இறங்கும்வரை காரில் எப்படி உட்காரப்போகிறீர்கள் என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கே விடுகிறேன்.

விழா முடிந்ததும் கவுனை ஹேங்கரில் மாட்டி பீரோவில் வைக்காதீர்கள், அது அங்கேயும் நீண்டுகொண்டே இருக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுருட்டிப் படுக்கவையுங்கள்.

இதையே வேலையாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

உடையமைப்பாளர் என்றால் எல்லாவற்றையும் தனியாகச் செய்பவர் என்று நினைப்பு இருக்கிறது. ஏட்ரியனின் பெயர் திரையில் வந்தது. ஆனால் ஸ்கெட்ச் போடுபவர், வெட்டுபவர், ஃபிட்டிங் பார்ப்பவர், மணி கோப்பவர் என்று ஒரு கூடமே அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றிலும் தேர்ச்சி வந்த பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹாலிவுட் உடையமைப்பாளர் ஈடித் ஹெட் 1920-களில் பாரமவுண்டின் தாய் நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனபோது கையில் எடுத்துப்போன ஸ்கெட்சுகளில் பெரும்பாலானவை அவர் வரைந்தவையே இல்லை. உடன் படித்த மாணவர்களிடம் கடன் வாங்கியவை. பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். வேலை கிடைத்த பிறகு அங்கே தலைமை உடையமைப்பாளராக இருந்த டிராவிஸ் பான்டனின் உதவியாளராக இருந்து வரையக் கற்றுக்கொண்டு, 1938-ல் அந்தத் துறைக்கே தலைமை ஏற்று, மொத்தம் 8 ஆஸ்கர் வாங்கினார். கடன் ஸ்கெட்சை நான் சிபாரிசு செய்யவில்லை. இன்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய நீல நிறக் கண்ணாடி. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறம் எப்படி விழும் என்பதைப் பார்க்க அதைப் பயன்படுத்தினார் என்பார்கள். நம் கையில் மொபைல் இருக்கிறது. கடையில் துணி எடுக்கும்போதே கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

விருதுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடையமைப்புக்கு ஆஸ்கர் தரத் தொடங்கியது 1948-ல் வெளியான படங்களிலிருந்துதான். ஏட்ரியன் எம்.ஜி.எம்-மை விட்டு 1941-லேயே போய்விட்டார், அடுத்த ஆண்டு பெவர்லி ஹில்ஸில் சொந்தக் கடை திறந்தார். அவரிடம் ஆஸ்கர் கிடையாது. இந்தியாவுக்கு முதல் ஆஸ்கரைக் கொண்டுவந்தவர் ஓர் உடையமைப்பாளர்தான் என்பது பலருக்கு நினைவிருக்காது: 'காந்தி' படத்துக்காக 1983-ல் பானு அத்தையா. அவரும் ஓவியம் வரைவதில் தொடங்கி உடைக்கு வந்தவர்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும் ஒவ்வொரு கவுனுக்கும் ஒரு பக்கம்: துணியின் சிறு துண்டைக் குண்டூசியால் குத்தி, பக்கத்தில் எத்தனை இன்ச் நீண்டது, எந்த ஊசி, எந்தத் தையல் நீளம் என்று எழுதுங்கள். பத்துப் பக்கம் சேர்ந்தால் எந்த இணைய வீடியோவிலும் கிடைக்காத பாடப்புத்தகம் உங்களிடம் இருக்கும்.

ஆர்டர் எடுக்கத் தொடங்கினால் துணிக் காசு தனி, கூலி தனி என்று முதல் நாளே பேசிவிடுங்கள். 5 மீட்டர் எதற்கு என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டு துண்டின் படத்தைச் சாய்வோடு வரைந்து காட்டினால் புரிந்துகொள்வார்கள். தேதி கேட்டால் மூன்று வாரத்துக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதீர்கள். தொங்கும் நாட்களுக்குக் கூலி கேட்க முடியாது, ஆனால் அந்த நாட்கள் இல்லாமல் கொடுக்கவும் முடியாது. அவசரம் என்று வருபவர்களுக்கு நேர் இழையில் நல்ல அனார்கலி ஒன்று தைத்துக் கொடுத்து அனுப்புங்கள்.